பெரிய எழுத்துப் புத்தகங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்; போனில் கேட்டால் "ம், இருக்கேன்" என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து எதுவும் வராது. இந்த விஷயத்துக்கு அந்த "ம்" போதாது. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

எங்கள் பள்ளி நூலகமும், எதிரே உங்கள் தங்கை நூலகராக இருக்கும் பொது நூலகமும் போன வருடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது நினைவிருக்கும். பிள்ளைகள் ஒரே அட்டையில் இரண்டு இடத்திலும் புத்தகம் எடுக்கலாம். ஒரே புத்தகம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவர் அலமாரியைக் காலி செய்யலாம். ஆனால் நீக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதற்குத்தான் எங்களுக்கு வாய் இல்லையே! நீங்கள் இங்கிருந்து போன புதிதில் அவள், "வீட்டுல நிம்மதி இருந்தா எங்கண்ணன் ஏன் தானா எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிட்டுப் போறாரு?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் பியூன் கையில் போய்வரும் துண்டுச் சீட்டில்தான். உங்களிடம் சொன்னதற்கு, "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க" என்றீர்கள்.

தீர்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். விடுமுறையில் அலமாரிகளைச் சுத்தம் செய்தேன். பார்வை குறைந்தவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகங்கள் முப்பத்தாறு இருந்தன. இரண்டு நூலகத்துக்கும் பொதுவான பட்டியலைப் பார்த்தேன். அவளிடமும் அதே முப்பத்தாறு. அங்கேதான் இருக்கிறதே என்று நீக்கிவிட்டேன். அதே வாரம் அவளும் அதே பட்டியலைப் பார்த்து, பள்ளியில்தான் இருக்கிறதே என்று நீக்கியிருக்கிறாள்.

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். சாதாரண எழுத்தென்றால் முகத்தைப் பக்கத்தோடு ஒட்டிவைத்துக்கொள்வாள். "நான் மூக்கால படிக்கிறவ மிஸ்" என்று அவளே சிரிப்பாள். ஐந்து பாகக் கடல் பயணக் கதையில் மூன்று முடித்துவிட்டு நான்காவதைக் கேட்டாள். எதிரே அனுப்பினேன். கால் மணியில் திரும்பி வந்து, "அங்க இருக்கிற மேடம் இங்கதான் இருக்குன்னாங்க" என்றாள். மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தாள். "பரவாயில்ல மிஸ். ஆனா சீக்கிரம் தேடுங்க. அடுத்த வருஷம் பெரிய எழுத்தாவது தெரியுமான்னு டாக்டருக்கே தெரியல" என்றாள், பஸ் நேரம் சொல்வதைப் போல.

அதற்கு மேல் சீட்டு எழுதிக்கொண்டிருக்க முடியவில்லை. நானே சாலையைத் தாண்டினேன். "வாங்க அண்ணி, வழி தெரிஞ்சுதா?" என்றாள் உங்கள் தங்கை. "நீ வச்சிருப்பேன்னுதானே நான் எடுத்தேன்" என்றேன். "நீங்க வச்சிருப்பீங்கன்னுதானே நானும்!" என்றாள். தினமும் அங்கே செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஓட்டுநர் தாளைத் தாழ்த்தி, "ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா" என்றார். "நீங்க பேப்பரைப் படிங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த ஒரு வருடத்தில் நாங்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அவளை மட்டும் குறை சொல்லத்தான் ஆசை. ஆனால் புத்தகங்களை நீக்கிய அன்று சீட்டு எழுதப் பேனாவை எடுத்துவிட்டு, இதற்கும் அவளைக் கேட்க வேண்டுமா என்று மூடி வைத்தவள் நான்.

என் புத்தகங்கள் காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிட்டன. அவளுடையவை நீங்கள் இருக்கும் ஊரில், தலைமை நூலகக் கிடங்கில் இரண்டு கட்டுகளாகக் கிடக்கின்றன. இருபத்தெட்டாம் தேதி அவையும் ஆலைக்குப் போகின்றன. மேலிடத்துக்கு எழுதினால் பதில் வர இரண்டு மாதம் ஆகும். நூலகம் பெயர் குறிப்பிட்டு அனுப்பும் ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் தந்துவிடுவதாகக் கிடங்குக்காரர் சொல்கிறார். உங்கள் பெயரை எழுதி அவள் தந்த கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

கட்டுகளை எடுத்து யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிடலாம் என்று உடனே தோன்றும் உங்களுக்கு. வேண்டாம். லீவு இல்லை என்றும் சொல்லாதீர்கள். பதினொரு மாதமாக அதையேதான் கேட்கிறேன். நீங்களே கொண்டு வாருங்கள். ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாலும் போதும்.

அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு நான் கிளம்பும்போது உங்கள் தங்கை நூலக வாசல் வரை வந்தாள். "அண்ணன் வருவாரா அண்ணி?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வருவார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி