அரை மணி நேரத் தண்ணீர்

அன்பு வால் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம், நாடித் துடிப்பு மட்டும் கிடையாது. போன வாரம் ரத்தம் எடுக்க வந்த புது நர்ஸ் பெண்ணிடம் இதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள், கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது. அந்த நேரம் உன் அப்பா பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். இதயத்துக்குத் துணையாக உள்ளே வைத்திருக்கும் பம்ப் துடிப்பதில்லை, விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் கையில் ஒன்றும் தெரியாது என்று நான் விளக்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய். வெளிச்சம் கன்னத்தைத் தின்னாது.

நீ அனுப்பிய விளக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. அதோடு வந்த தட்டை மேஜையில் வைத்து, மேலே கம்பியில்லாமல் விளக்கைப் பிடித்தால் எரிகிறது, வீடே கூடி வேடிக்கை பார்த்தது, வீடென்றால் நாங்கள் இரண்டு பேரும் மாடி வீட்டுத் தம்பதியும். மாடி வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, கரண்டு காற்றில் வந்தால் மீட்டரை எங்கே மாட்டுவார்கள் என்பதுதான் அவருடைய முதல் கவலை. அவர் மனைவி உடம்புக்கு ஆகாது என்று நாற்காலியை வாசல்வரை பின்னால் இழுத்துக்கொண்டார், தலையணைக்கு அடியில் செல்போன் வைத்துத் தூங்குகிறவர். விளக்கை நான்கு விரல் உயரம் தூக்கினால் மங்குகிறது, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் அணைந்துவிடுகிறது. தட்டுக்கு ஒரு வயர் வேண்டும், விளக்கும் தட்டை விட்டு நகரக் கூடாது என்றால் பேசாமல் விளக்குக்கே வயர் வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டு மின்வாரியக்காரர் மாடி ஏறிப் போய்விட்டார். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. தட்டுக்குள் ஒரு கம்பிச் சுருள், விளக்குக்குள் ஒரு கம்பிச் சுருள், இரண்டும் நேருக்கு நேர் நெருங்கி இருந்தால்தான் ஒன்று அனுப்புவது மற்றொன்றுக்குப் போய்ச் சேரும், தள்ளிப்போனால் வழியில் வீணாகும், சூடும் ஏறும் என்று நீ சொன்னதைப் படிக்கட்டுவரை போய்ச் சொன்னேன். அச்சகத்தில் இப்போது பிள்ளைகளுக்கான ஓர் அறிவியல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். வருங்காலத்தில் மின்கம்பங்களே இருக்காது, கரண்டு வானத்திலிருந்து இறங்கி வீடு வீடாக வரும் என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னாலும் இதையே சொல்லிக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். ஒற்றுப்பிழையைத் திருத்தலாம், நம்பிக்கையைத் திருத்த மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அதிகாரம் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு எழுதாதே என்று உன் அப்பா இரண்டு முறை சொன்னார், ஒரு முறை சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அவருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று போனில் சொன்னேனே, ஏன் வந்தது என்று சொல்லவில்லை. பம்ப் வைத்ததிலிருந்து வயிற்றில் துளை வழியாக வெளியே வரும் வயரும், தோளில் பேட்டரிப் பையுமாக அவர் தினமும் நீச்சல் குளத்துக்குப் போய், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிவிட்டு வருவார் என்பது உனக்குத் தெரியும். அவருக்குக் குளியல் என்றால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான். ஆயுள் முழுக்க ஊராரைத் தண்ணீரில் மிதக்க வைத்த நீச்சல் மாஸ்டருக்கு இப்படி ஒரு தண்டனை. அன்றைக்கு நான் அச்சகம் போயிருந்த நேரம் பார்த்து, குளத்து வாட்ச்மேனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் பழகும் ஆழமில்லாத பக்கத்தில் தொடைவரைக்கும் மட்டும் இறங்குவது என்று இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். வயர் கை நீளம்தான். ஆகவே அவர் தண்ணீரில் நடக்க, வாட்ச்மேன் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராஜாவுக்குக் குடை பிடிப்பவர் மாதிரி கரையோடு கூடவே நடந்திருக்கிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. அப்போது பக்கத்தில் ஒரு சின்னப் பெண் முழங்காலை மடக்கி மடக்கித் தண்ணீரை உதைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக உன் அப்பாவால் முடியுமா? குனிந்து அவள் காலைப் பிடித்து நேராக்கியிருக்கிறார். தண்ணீர் மார்புவரை வந்துவிட்டது, வயர் விறைத்துவிட்டது, அதை இழுத்துவிடக் கூடாதே என்று வாட்ச்மேன் பூட்ஸ் காலோடு குளத்துக்குள் இறங்கிவிட்டார். பை நனையவில்லை. புண் நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம், வாட்ச்மேன் இன்றைக்குக் குளத்தில் விழுந்துவிட்டார், வயசாகிவிட்டது பாவம் என்று மட்டும் சொன்னார். வயர் வெளியே வரும் இடம் சிவந்து காய்ச்சல் அடித்த பிறகுதான் மிச்சக் கதை வெளியே வந்தது.

இப்போது தேவலை, பயப்படாதே. ஆனால் டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். வயர் இருக்கிறவரை அந்தத் துளை மூடாது, இந்த முறை தோலோடு பிடித்துவிட்டோம், குளமே இல்லாவிட்டாலும் ஒருநாள் அது மறுபடி வரும், வயரோடு ஏறிப் பம்ப்வரை போய்விட்டால் எங்கள் கையில் இல்லை என்றார். வயர் இல்லாமல் தோல் வழியாகவே கரண்டு ஊட்டும், அங்கே நீ வேலை பார்க்கும் இடத்தில் செய்த அந்தக் கருவியை இங்கேயும் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள் என்றும், அப்பா அதற்குப் பொருத்தமானவர்தான் என்றும், நீ வேண்டாம் என்று சொன்னதால் அவர் பெயரைச் சேர்க்கவில்லை என்றும் அவர்தான் சொன்னார். நீ அன்றைக்குப் போனில் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அது இன்னும் சூடாகுதுப்பா. நீங்க புரண்டு படுத்தா வெளிய இருக்குற சுருள் விலகிடும். உங்களை வச்சு நான் சோதனை பண்ண மாட்டேன்." அத்தோடு போனை வைத்துவிட்டாய். அவர் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, டவர் போய்விட்டது என்றார்.

உன்னைவிட எனக்குத்தான் பயம் அதிகம். வயர் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டுப் பார்த்தால் சொருகியிருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது. தோலுக்கு அடியில் ஒரு சுருளும் மேலே ஒரு சுருளுமாக இரண்டும் பேசிக்கொள்ளும் என்றால் நான் நம்பத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் கேட்கவேண்டியது என்னை அல்ல. நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். சோதனையில் சேருகிற ஒவ்வொருவரையும் எதிரில் உட்கார வைத்து, சூட்டைச் சொல்லி, விலகுவதைச் சொல்லி, உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும் என்பதையும் சொல்லி, பிறகு அவர்களாகப் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் இருப்பாயாம், அந்த வாய் திறக்காமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமாம். எத்தனையோ பேருடைய அப்பாக்களிடம் அப்படி இருந்திருக்கிறாய். உன் அப்பா கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டாய்.

ஆகவே நானே சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாக அமைந்தாலும் வெளியே பேட்டரி சுமக்கத்தான் வேண்டும், அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்க அரை மணி நேரம்தான், கெட்டுப்போகவும் கூடும் என்றேன். அவர் நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னார், "அரை மணி நேரம் எதுக்கு? பத்து நிமிஷம் போதும். மிச்ச நேரம் கரைல ஈரத்தோட உக்காந்து அவளுக்கு போன் பண்ணுவேன்." அடுத்த விரலுக்குப் போனபோது, "தப்பாப் போச்சுன்னா அவ ஆயுசுக்கும் அதைச் சுமந்துட்டுத் திரிவாளேன்னுதான் யோசிக்கிறேன்" என்றார். அவருக்கு நேரக்கூடியதை நினைத்து நீ மறுக்கிறாய், உனக்கு நேரக்கூடியதை நினைத்து அவர் தயங்குகிறார். இருவரும் ரொம்ப நல்லவர்கள். அந்தப் புண் அவ்வளவு நல்லது இல்லை.

அவரிடம் பேசு. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய அப்பாவிடம் கேட்பதுபோல இவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேள், கேட்ட பிறகு பேசாமல் இரு. வேண்டாம் என்றால் வயரோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குப் பழகிவிட்டது. வேண்டும் என்றால் நான் சமையலறையில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வருவேன், அதை நீ கண்டுகொள்ளாதே. அவரைச் சேர்ப்பதைப் பற்றி உங்கள் ஆட்கள் வேறு யாராவது முடிவு செய்யட்டும், அந்த மேஜையில் நீ உட்கார வேண்டாம், மகளாக மட்டும் இருந்தால் போதும், அதற்கே உனக்கு நேரம் சரியாக இருக்கும்.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நிம்மதியாகத் தூங்கி எழவேண்டும். குளிருக்கு அந்த மட்டமான ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள். பேசும்போது அப்பாவின் நம்பருக்கே அடி. என் நம்பருக்கு அடிக்காதே, நான் எடுத்தால் அவருக்குப் பதில் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஆசியுடன்,
உன் அம்மா