ஊடு என்றுதான் பாடுவான்

கார்த்திகை, வெள்ளிக்கிழமை

இன்று சென்னையிலிருந்து அந்தப் பாட்டுக் கம்பெனிக்காரர் மறுபடி எங்கள் மலைக்கிராமம் மாரமங்கலம் வந்தார். என் மகன் அருள் இருந்தபோதும் வந்தவர்தான். காப்பிப் பழம் பறிக்கும் எங்களைப் பற்றி அவன் கட்டிய ராப் பாட்டில் "ஊடு" என்று வருவதை "வீடு" என்று மாற்றச் சொன்னார். "எங்கம்மா பேச்சை மாத்தற கம்பெனி எனக்கு வேண்டாமுங்க" என்று அருள் அனுப்பிவிட்டான். கடைசிவரை போனில் தானே பதிந்து, தானே வெளியிட்டான்.

அவன் போய் இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை.

"அருள் பாதியில விட்ட பாட்டைக் கம்ப்யூட்டர்லயே முடிச்சுட்டோம்மா. அவர் குரல்தான், கேளுங்க" என்று போனை நீட்டினார்.

அவன் குரலேதான். மூச்சு வாங்குவதுகூட அவனைப் போலவே இருந்தது. அப்புறம் அந்தக் குரல் "எங்க வீடு" என்றது.

"ஏனுங்க தம்பி, இது என் பையன் இல்லீங்க. அவன் வாயில வீடுன்னு வராதுங்க."

"ஒரு எழுத்துதானேம்மா, மாத்திடலாம்."

"அந்த ஒரு எழுத்தை அவன் இருக்கறப்ப நீங்க உட்டு வெக்கலையேங்க. வேண்டாமுங்க, அவன் பாடுன வரைக்கும் போதும்."

முகம் சுருங்கி எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க. வீடுன்னு வர்றதுக்குள்ள நிறுத்திருங்க."

போட்டார். சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

வீடு என்றே சொல்லியிருந்தாலும், இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருக்கலாம்.