சிவப்பு தெரியாத அண்ணனுக்கு ஒரு சிவப்புச் சதுரம்

என் செல்ல அண்ணே,

போன வாரம் ஆபீசில் உனக்காக ஒரு சண்டை போட்டேன். ஜெயித்தும் விட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சுபாங் விமான நிலையத்துப் பக்கத்து ஆபீசில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். பயிற்சி விமானிகளின் டேப்லெட்டில் வரும் விமானத் திரைகளை வரைகிறேன். வேறு விமானம் கிட்டே வந்தால் மஞ்சள் வட்டம். மோதுகிற அளவுக்கு நெருங்கினால் அதுவே சிவப்புச் சதுரம். பார்த்த நொடியில் விலகியாக வேண்டும்.

அந்தச் சதுரத்தைத்தான் மேனேஜர் எடுக்கச் சொன்னார். “எல்லாத்தையும் வட்டமா போட்டுடுலா. கலருதான் மாறுதே. பைலட்டுங்க எல்லாம் கண் டெஸ்ட் பாஸ் பண்ணவங்கதானே?”

கண் டெஸ்ட் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பைலட் ஆகப் போனவன் நீ. நிறம் தெரிகிறதா என்று சோதிக்கும் புள்ளிப் புத்தகத்தை டாக்டர் விரித்து, “என்ன நம்பர் தெரியுது?” என்றபோது, “எல்லாம் ஒரே புள்ளியா இருக்கு டாக்டர்,” என்றாய். அன்று பிரிக்பீல்ட்ஸில் இரண்டு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாய். அழுதாயா, அண்ணே? நான் கேட்டதே இல்லை.

அப்புறம் போய்ச் சேர்ந்ததோ கிள்ளானில் சேலைக் கடை! பச்சைக்கு வட்டம், அரக்குக்குச் சதுரம் என்று, கூட இருந்தவர்களிடம் நைசாகக் கேட்டு, சேலை அட்டையில் பென்சிலால் குறி போட்டுச் சமாளித்தாய். ஒரு தீபாவளிக்கு முதலாளி அட்டைகளை மாற்றியதும் குட்டு உடைந்தது. அரக்குக் கூறைச் சேலை கேட்டவர்களுக்குப் பச்சையை மடித்துக் கொடுத்தாய். நல்லவேளை, கல்யாணப் பெண்ணுக்கு அதுவே பிடித்துவிட்டது.

மேனேஜரிடம் நான் வாதாடவில்லை. அவர் கேட்டபடியே எல்லாம் வட்டமாகப் போட்டு, உச்சி வெயிலில் கார் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். வெயில் பட்டுத் திரை வெளுத்துவிட்டது.

“எது சிவப்பு பாஸ்?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மஞ்சளைத் தொட்டார். சதுரத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். “சரிலா, இருக்கட்டும்,” என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. நீ உயிரோடு இருந்திருந்தால் ஊரெல்லாம் போன் போட்டுப் பீற்றியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ வேலை பார்த்த சேலைக் கடைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண், அட்டையில் நீ தொடங்கிவைத்த பென்சில் சதுரத்தைப் பார்த்து அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. “இப்படிப் பார்த்தா சீக்கிரம் எடுத்துடலாம் அக்கா,” என்றாள்.

இனி நான் வரைகிற எந்தத் திரையிலும் நிறத்தைத் தனியாக விடமாட்டேன். துணைக்கு ஒரு வடிவம் இருக்கும். உன் மேல் சத்தியம்.

தினமும் உனக்குச் சட்டை நிறம் பார்த்துச் சொன்ன,
உன் தங்கச்சி