தரகர் வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே என் ஃப்ளாட்டை நானேதான் விற்கிறேன். தரகர் வாசலில் நின்று, "தனியாளா உங்களால முடியாதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே, வீம்பாக விளம்பரம் எழுதி லிஃப்ட்டுக்குள் ஒட்டினேன். முதலில் வந்தவரிடம், சாரல் அடித்தால் படுக்கையறை ஜன்னல் ஒழுகும் என்று உளறிவிட்டேன். ஆள் நைசாக நழுவிவிட்டார். சிரிக்காதீர்கள். நேற்று வந்த அம்மாளிடமும் அதையே சொன்னேன், இந்த முறை வேண்டுமென்றே. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்.

"நாலு நாற்காலியில ஒண்ணு மட்டும்தான் தேஞ்சிருக்கு. தனியாவா இருக்கீங்க?"

"ஆமா. அதான் வித்துட்டு ஊரோட போறேன்."

"ஒழுகுறதையும் நீங்களே சொல்லிட்டீங்க. வீட்டை நானே எடுத்துக்கறேன்."

மேசை நாற்காலியையும் சேர்த்துக் கேட்டார். முடியவே முடியாது என்றுவிட்டேன். நம் கூடத்தில் ஜன்னலோரம் இடம் போதுமா என்று அளந்து உடனே எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

தேய்ந்த நாற்காலி எனக்கு. புதுசில் நீங்களும் அம்மாவும் உட்காருங்கள்.

உங்கள் மகள்