வெடிப்பெட்டியில் ஜெர்மன் ராஜா

27.8.2006, ஞாயிறு.

மூத்த பேரன் சென்னையில் இன்ஜினியர். சின்னவன் பாலிடெக்னிக்கில் முதல் மார்க். பேத்தி வள்ளி ஜெர்மனியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

அவள் படிப்பது ஐநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு குட்டி ராஜாவைப் பற்றி. போன மாதம் அவர் படத்தைத் தபாலில் அனுப்பியிருந்தாள். தாடியும் அங்கியுமாக நல்ல களை. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் என் மகன், அதாவது வள்ளியின் அப்பன், லேபிளுக்கு அதைக் கேட்டான். பெருமையாகக் கழற்றிக் கொடுத்தேன். இப்போது அணுகுண்டு வெடிப்பெட்டி மேலெல்லாம் அவர் முகம்தான். முதல் லோடும் போய்விட்டது.

இன்று வள்ளி போனில் பேசினாள்.

"அப்பத்தா, எங்க ராஜா சௌக்கியமா?"

"அவருக்கென்ன, ஊரெல்லாம் சுத்துறாரு. அப்படி என்னதான் செஞ்சாரு அந்த மனுசன்?"

"போப்பாண்டவரோட பழைய வேதத்துலயே இருன்னு சக்கரவர்த்தி ஒரு பக்கம் இழுத்தாரு. புது வேதத்துக்கு வான்னு பக்கத்து ராஜாக்க மறுபக்கம் இழுத்தாக. இவரு ரெண்டு பக்கமும் தலையாட்டியே, சாகுற வரைக்கும் ஊருக்குள்ள ஒரு வெடிச்சத்தம் கேக்க விடலை. தீபாவளிக்கு வந்து மிச்சத்தைச் சொல்றேன்."

லேபிள் விஷயத்தைச் சொல்லி அசத்த நினைத்திருந்தேன். தீபாவளிக்கு என்ன பலகாரம் வேணும் என்று மட்டும் கேட்டுப் போனை வைத்தேன்.

மகனிடம் சொன்னால், "சீசன் முடியட்டும் ஆத்தா. அவகிட்ட வாயைத் திறந்துராதீக" என்கிறான். அவனுக்கும் தலையாட்டினேன்.

வந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பாள். படமோ பிரஸ்ஸில் மை கொட்டி வீணாகிவிட்டது.

வள்ளி, புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு தாயி. ஏன் என்று மட்டும் கேட்காதே.