ஒன்பதாம் அளவுச் சோடி

கல்குடா
12.03.2012

அன்புள்ள என்னவருக்கு,

பாரிசிலிருந்து நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. சப்பாத்துகளைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தவை என்றதும் நான்கு சோடியையும் இரண்டே நாளில் கேட்டுவிட்டார்கள். சண்டை முடிந்ததிலிருந்து இளையவர்களுக்கு இதில்தான் ஆசை. தையலோடு இதையும் பார்ப்பது களைப்புத்தான்.

ஐந்தாவது சோடியைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஒன்பதாம் அளவு. போன வருடம் எட்டு, அதற்கு முன் ஏழு. அவை இரண்டும் அலுமாரியில் இருக்கின்றன.

நேற்று, தான் கேட்ட சோடியை எடுக்க ஏறாவூரிலிருந்து வந்த சப்ரி என்ற மாணவன் அதைக் கண்டுவிட்டான்.

"அக்கா, இதத் தாங்களன்."

"அது விக்கிறதுக்கில்ல, தம்பி."

"ஒருக்காப் போட்டுப் பாக்கட்டா?"

போட்டுக்கொண்டு வாசல் படலைவரை நடந்து திரும்பி வந்தான். பதினேழு வயதுப் பிள்ளையின் நடையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கொடுத்துவிட்டேன்.

கோபிக்காதீர்கள். கடல் வந்து கொண்டுபோன அன்று நம் அன்ரோவுக்குப் பத்து வயது. நாம் இருவரும் வருடா வருடம் அவனுக்கு வயது கூட்டிக்கொண்டே இருக்கிறோம். எனக்குக் களைத்துவிட்டது. இனி அவன் பத்து வயதிலேயே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி