I என்றால் ஒன்று

ஜனவரி 9

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லாம் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நேற்று போனில் நீ "ம்" என்றாய், நான் "ம்" என்றேன், பிறகு இரண்டு பேரும் "சரி, வை" என்றோம். அதற்கு இது தேவலை. கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி ஸ்டாம்ப் ஒட்ட முடியாது பார்.

வீடு அப்படியே இருக்கிறது. உன் அம்மாவின் அறையைப் பெருக்கினேன். ஆள் புழங்காத அறையில் குப்பை ஏது, வெறும் தரையைத்தான் பெருக்கினேன். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது கோட்டில் குத்திக்கொள்வாளே ஒரு பேட்ஜ், அது கதவுக்குப் பின்னால் கோட்டோடு தொங்குகிறது. அங்கே அவளோடு வேலை பார்த்தவர் மறுபடி போன் செய்தார். "பாட்டி, அந்த பேட்ஜை மட்டும் குடுத்துடுங்க, எங்க ரெக்கார்டை முடிக்கணும்." ஆகட்டும் என்று வைத்துவிட்டேன். அவளுடையதை எதற்கு இத்தனை அவசரமாக முடிக்க வேண்டும்?

உன் பரீட்சை முடிவு வந்திருக்குமே. நவம்பரில் அவளை அடக்கம் செய்த வாரமே நீ திரும்பிப் போனபோது, "இந்த நிலைமைல அந்தப் புள்ள எப்படிம்மா பரீட்சை எழுதும்?" என்று கீழே தையல்கடைக்காரி கேட்டாள். "என் பேத்தி எழுதுவா" என்றேன். இப்போது தினமும் படியேறும்போது பிடித்து நிறுத்திக் கேட்கிறாள். உடனே எழுது.

உன் பாட்டி


ஜனவரி 21

அன்புள்ள பாட்டிக்கு,

முடிவு வந்துவிட்டது. நான்கு பாடம். மின்காந்தவியலில் A. குவாண்டம் இயக்கவியலில் A. கணித முறைகளில் B. புள்ளியியல் இயக்கவியலில் I.

கடைசிப் பாடம் மேற்படிப்பு மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. பேராசிரியர் நல்லவர். எல்லாவற்றையும் காற்றடைத்த பெட்டி என்று வைத்துக்கொண்டு பேசுவதால் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர்.

இங்கே குளிர். என் அறைத்தோழியைக் கொசு என்று கூப்பிடுவோம், காதோரம் வந்து பேசிக்கொண்டே இருப்பாள். நான் திரும்பி வந்த பிறகு என்னிடம் மட்டும் பேசுவதில்லை. என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கும் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பேட்ஜைக் கொடுத்துவிடுங்கள் பாட்டி.

பேத்தி


ஜனவரி 28

என் தங்கத்துக்கு,

A-வும் B-யும் எனக்கு என்ன தெரியும்? ஆனால் I தெரியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பு வாசலுக்கு மேலேயும் I, II, III, IV, V என்று போட்டிருக்கும். அந்த ஐந்து வாசலுக்குள்ளும் போய் வந்தவள் நான். ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை. ஆக, I என்றால் ஒன்று. அதுவும் பெரிய வகுப்புக்காரர்களோடு உட்கார்ந்து ஒன்று!

மூன்று பாடத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில் "I" என்று எழுதுகிறாயே, உன் அம்மாவும் இப்படித்தான். சம்பளம் ஏறியதைக்கூட ரசம் வைக்கிற மாதிரி சொல்லுவாள்.

தையல்கடைக்காரியிடம் சொன்னேன். மருந்துக்கடையில் சொன்னேன். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் சொன்னேன், அவர் கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடியை எடுக்காமலே "அப்படியா" என்றார். அவருக்குப் பொறாமை. ஆஸ்பத்திரிக்காரர் போன் செய்தபோது அவரிடமும் சொல்லிவிட்டேன். பேட்ஜைப் பற்றிக் கேட்க மறந்துபோய் வைத்துவிட்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும் எனக்கு. சொல்லிக்கொண்டே போனேன், வாய் சொன்னது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் பாட்டி


பிப்ரவரி 10

அன்புள்ள பாட்டிக்கு,

கடிதம் வந்தது. ஊரெல்லாம் சொல்ல வேண்டாம் பாட்டி. அது பெரிய விஷயம் இல்லை.

அந்தப் பாடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று போன தடவை போனில் கேட்டீர்கள். ஒரு பெட்டி நிறையக் காற்று இருக்கிறது. அதில் எண்ணவே முடியாத அளவுக்குத் துகள்கள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பார்க்க முடியாது. அதனால் ஒன்றைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிடுகிறோம். எல்லாம் சேர்ந்து எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், அதுதான் கேள்வி. நடுவில் ஒன்று காணாமல் போனாலும் விடை மாறாது.

அம்மாவின் பேட்ஜ் அவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பதிந்துகொள்ளும். கழற்றி வைத்தாலும் சும்மா இருக்காது. சுவர், மண், ஆகாயம் எல்லாவற்றிலிருந்தும் எப்போதும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும், அதையும் பதியும். அதனால்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

பேத்தி


பிப்ரவரி 19

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஒன்றைப் பற்றி யாருமே கேட்காத பாடத்தில் நீ எப்படியடி ஒன்றாவது வந்தாய்? கடிகாரக்காரரிடம் கேட்டேன், அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒன்று காணாமல் போனாலும் விடை மாறாது என்று எழுதியிருக்கிறாய். பெட்டிக்காரருக்கு அது சரியாக இருக்கலாம்.

அவள் இல்லாமலும் அது பதிந்துகொண்டிருக்கிறதா? அதைக் கேட்ட பிறகு அந்த அறையில் நடக்கும்போது அடி மெதுவாக வைக்கிறேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. தையல்கடைக்காரி உனக்குச் சட்டை தைத்திருக்கிறாள். துணிக்கும் கூலிக்கும் ஒரு காசு வாங்கமாட்டேன் என்கிறாள். "முதலா வந்த புள்ளைக்கு நான் தைச்சதுன்னு இருக்கட்டும்மா. என் மகளும் அடுத்த வருஷம் அந்தப் படிப்புக்குத்தான் போறேன்னு நிக்கிறா, உங்க பேத்தியைக் காட்டித்தான் அவ அப்பாகிட்ட சம்மதமே வாங்கினோம்" என்றாள். அளவு? உன் அம்மாவின் அளவில் தைக்கச் சொன்னேன். உனக்குச் சரியாகத்தான் இருக்கும்.

போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் பாட்டி


மார்ச் 8

அன்புள்ள பாட்டிக்கு,

சட்டை வந்தது. போடவில்லை.

I என்றால் ஒன்று இல்லை பாட்டி. முடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. எனக்கு அந்தச் சொல்லை எழுத முடியவில்லை, எழுத்தை மட்டும் எழுதினேன். யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் யாரையும் கேட்கவில்லை, எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். அதற்கப்புறமாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற மூன்றையும் எப்படி எழுதினேன் என்று தெரியாது. நான்காவதற்கும் போனேன். முதல் கேள்வியைப் படித்தேன். பெட்டி, நடுவில் தடுப்பு, தடுப்பை எடுத்தால் என்ன ஆகும். விடை தெரியும். போன வருடமே தெரியும். கை எழுதவில்லை. அழுகையும் வரவில்லை, அதுதான் விசித்திரம். மணி அடிக்கும்வரை உட்கார்ந்துவிட்டு வெறும் தாளைக் கொடுத்தேன். பெட்டிக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். F போட்டிருக்க வேண்டியவர் I போட்டார். மார்ச் முடிவதற்குள் மறுபடி எழுதினால் மாற்றுவார். எழுதாவிட்டால் அது தானாக F ஆகிவிடும். F ஆகிவிட்டால் இந்த வருடம் பட்டம் கிடையாது, அடுத்த படிப்புக்குக் கிடைத்த இடமும் போய்விடும்.

தினமும் புத்தகத்தைத் திறக்கிறேன். எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, சேரமாட்டேன் என்கிறது. போக முடியும் என்று தோன்றவில்லை. தையல்கடை அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சட்டையைத் திருப்பி அனுப்புகிறேன்.

பேத்தி


மார்ச் 14

பேத்திக்கு,

படித்தேன். மடித்து வைத்தேன். எடுத்து மறுபடி படித்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, தையல்கடைக்காரி மேல் என்று வைத்துக்கொண்டேன். அன்று அவள் கடை வாசலில் நிற்காமல் ஏறிவிட்டேன். "என்னம்மா, பேத்தி படம் அனுப்பலையா?" என்று பின்னாலேயே குரல் கொடுத்தாள். "அங்க குளிராம், சட்டை மேல கோட்டுதான் தெரியுதாம்" என்றேன். இந்த வயதில் இப்படி ஒரு பொய்.

முடிக்கவில்லை என்பதற்கு ஓர் எழுத்து இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியபோது அப்படி ஒன்றும் போடவில்லை. மறுபடி வந்து எழுது என்று தேதியும் தரவில்லை. நின்றது நின்றதுதான்.

எனக்கும் அழுகை வரவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. பெற்றவள் நான். வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் அவளுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறேன், மிஞ்சியதை மறுநாள் சாப்பிடுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றுதான் கேட்கிறேன். உன் பெட்டிக்காரரிடம் ஒரு தேதி வாங்கி எனக்கு எழுது. நீ அந்த ஹாலுக்குப் போகிற அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போய் பேட்ஜைக் கொடுத்துவிடுகிறேன். நீ போகாவிட்டால் நானும் போகமாட்டேன், அவர்கள் போன் செய்துகொண்டே இருக்கட்டும்.

சட்டையை அனுப்பாதே. தெருவில் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

பாட்டி


மார்ச் 20

பாட்டிக்கு,

28, காலை பத்து மணி.

பேத்தி


ஏப்ரல் 11

அன்புள்ள பாட்டிக்கு,

I-ஐ எடுத்துவிட்டார். C போட்டிருக்கிறார். தேறியதில் கடைசிக்குக் கொஞ்சம் மேலே. பட்டம் உண்டு. அடுத்த படிப்புக்கான இடமும் போகவில்லை, கடிதம் வந்துவிட்டது.

சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டேன். வாசல்வரை கொசு கூட வந்தாள். வழியெல்லாம் அவளுடைய மாமா வாங்கிய பழைய காரைப் பற்றிச் சொன்னாள். நான் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

முதல் கேள்வி மறுபடியும் பெட்டிதான். பத்து மணி ஆனபோது நீங்கள் படியிறங்கியிருப்பீர்கள் என்று நினைத்தேன். எழுத ஆரம்பித்தேன். நிறையத் தப்பு. கடைசிக் கேள்வியைத் தொடவில்லை. வெளியே வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை, பசித்தது.

கொடுத்துவிட்டீர்களா?

உங்கள் பேத்தி


ஏப்ரல் 19

என் தங்கத்துக்கு,

C என்றால் என்ன என்று இந்தத் தடவை முன்னாலேயே கேட்டுக்கொண்டேன். ஐந்துக்கு மேல் எனக்குப் பழக்கமில்லை, அதனால் கடிகாரக்காரரிடம் போனேன். என்ன விஷயம் என்று சொல்லாமல், "I ஒண்ணு, V அஞ்சு, இந்த C எத்தனை?" என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நூறும்மா" என்றார்.

நேராகத் தையல்கடைக்குப் போனேன். "ஒண்ணாவது வந்த பாடத்துல இப்ப நூறு" என்று சொல்லிவிட்டேன். போன தடவை தெரியாமல் சொன்னேன், இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன். அவளுடைய மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பட்டம் வாங்கிக்கொண்டு நீ ஊருக்கு வந்ததும் அவளைத் தனியாக உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடு. போகிற பிள்ளைக்கு அந்த எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அம்மாக்காரிக்குத் தெரிய வேண்டாம்.

பேட்ஜைக் கொடுத்துவிட்டேன். சரியாகப் பத்து மணிக்குப் படியிறங்கினேன். பஸ்ஸில் அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே அறை வாசலில் அவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார், போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து அரிசி போட்டேன், ஒருத்திக்கு.

நேற்று அவர் போன் செய்தார். இனி எதற்குச் செய்கிறார் என்று நினைத்தேன். பேட்ஜைச் சோதித்துப் பார்த்து முடிவு வந்துவிட்டதாம், வீட்டில் சொல்ல வேண்டுமாம். "பயப்பட ஒண்ணுமில்ல பாட்டி" என்றார். எனக்கு இனி என்ன பயம்? என்ன காட்டுகிறது என்று கேட்டேன்.

"நவம்பர்லேருந்து வேலைக்கே வரல, வீட்லயேதான் இருந்திருக்காங்கன்னு காட்டுது."

"ஆமா" என்றேன். "வீட்லதான் இருந்தா."

அவர் உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

வரும்போது அந்தச் சட்டையிலேயே வா.

உன் பாட்டி